முட்டை உடையாமல் 850 அடி

அமெரிக்கப் பள்ளி மாணவர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு ராக்கெட் போட்டி நடக்கிறது. பெயர் அமெரிக்கன் ராக்கெட்ரி சேலஞ்ச். முதல் இறுதிச்சுற்று 2003இல் நடந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிப்பவர்கள் குழுவாகச் சேரலாம். விதிதான் வேடிக்கை: ராக்கெட்டுக்குள் பச்சைக் கோழிமுட்டை இருக்க வேண்டும். 2023ஆம் ஆண்டுப் போட்டியில் ராக்கெட் 850 அடி ஏற வேண்டும், கிளம்பித் தரை தொட 42 முதல் 45 நொடி ஆக வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். ஓர் அடி கூடினாலும் குறைந்தாலும் ஒரு புள்ளி. ஒரு நொடி பிசகினால் நான்கு புள்ளி. புள்ளி குறைவாக வாங்கிய குழுவுக்கே வெற்றி. முட்டையில் கீறல் விழுந்திருந்தால் அந்த ஏவுதலே செல்லாது.

ஆக, 1,000 அடி பறக்கவிட்டு மார்தட்டும் குழு 150 புள்ளியோடு கடைசி வரிசைக்குப் போய்விடும். சொன்ன உயரத்துக்குப் போய், சொன்ன நேரத்தில், முட்டை முழுசாக இறங்க வேண்டும். இதற்காகப் பிள்ளைகள் திரும்பத் திரும்ப ஏவிப் பார்க்கிறார்கள். காலைக் குளிரில் ஒரு உயரம், மதிய வெயிலில் வேறொரு உயரம். காற்றடித்தால் ராக்கெட் சாய்கிறது, சாய்ந்தால் உயரம் குறைகிறது. பாராசூட் பெரிதாக இருந்தால் இறங்க நேரம் அதிகமாகிறது, சின்னதாக இருந்தால் முட்டை காலி. ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதி வைத்துத்தான் அடுத்த முறை எடையில் இரண்டு கிராம் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவெடுக்கிறார்கள். போன வருஷத்து ராக்கெட்டை அப்படியே தூக்கிக்கொண்டு வரவும் முடியாது. 2024இல் இலக்கு 820 அடியாகவும் 43 முதல் 46 நொடியாகவும் மாறிவிட்டது.

ராக்கெட் பயிற்சி என்று எங்கே எதைக் கேள்விப்பட்டாலும் எனக்கு இந்த முட்டைதான் நினைவுக்கு வரும். என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு ஏவுகிறார்களா, ஏவியபின் அளக்கிறார்களா? இந்த இரண்டும் இல்லாவிட்டால் அதற்கும் தீபாவளி ராக்கெட்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. சிவகாசி ராக்கெட்டையும் பாட்டிலில் குச்சியை நிறுத்தித்தான் விடுகிறோம். அது பக்கத்து வீட்டு மாடிக்குப் போனால் சிரித்துவிட்டு அடுத்ததைப் பற்ற வைக்கிறோம், அவ்வளவுதான்.

இந்த விளையாட்டு பள்ளிக்கூடத்துக்குள் வந்த கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1957 அக்டோபர் 4இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை அனுப்பியதும் அமெரிக்கப் பையன்கள் பலருக்கு ராக்கெட் பித்துப் பிடித்தது. இரும்புக் குழாய்க்குள் தீக்குச்சி மருந்தையும், துத்தநாகத் தூளையும் கந்தகத்தையும் அடைத்துப் பற்ற வைத்தார்கள். விரல் போனவர்கள் உண்டு, உயிர் போனவர்களும் உண்டு. இதற்கான மாற்று அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, நெப்ராஸ்கா மாநிலத்து நார்ஃபோக் ஊரில் செருப்புக்கடை வைத்திருந்த ஓர்வில் கார்லைல் கையில் உருவாகியிருந்தது. அவருடைய சகோதரர் ராபர்ட் மாதிரி விமானம் பறக்கவிடுபவர். ராக்கெட் தத்துவத்தைக் கூட்டங்களில் விளக்க அவருக்கு ஒரு செயல்முறைப் பொருள் வேண்டியிருந்தது. வாணவேடிக்கையில் ஆர்வம் கொண்ட ஓர்வில், காகித உடலும் மெல்லிய கட்டைத் துடுப்பும் வைத்து, எரிபொருள் அடைத்த சிறு மோட்டாரைத் தனியாகச் செருகும் ராக்கெட்டை 1954இல் செய்து கொடுத்தார்.

ராக்கெட் ஏவுதளப் பாதுகாப்பு வேலையை அறிந்த ஹாரி ஸ்டைன் என்ற பொறியாளர் இதன் அருமையைச் சட்டென்று புரிந்துகொண்டார். பிள்ளைகள் மருந்தைக் கையால் தொடவே கூடாது. மோட்டார் தொழிற்சாலையிலிருந்து முடித்து வர வேண்டும். ராக்கெட்டின் உடம்பில் காகிதம், மென்மரம், பிளாஸ்டிக் மட்டும்தான், உலோகம் கூடாது. மின்கம்பி வழியாகத் தள்ளி நின்றுதான் பற்ற வைக்க வேண்டும். இப்படித் திரண்ட பாதுகாப்பு விதிகள் மீதுதான் இன்றைய மாதிரி ராக்கெட் பொழுதுபோக்கு முழுவதும் நிற்கிறது. அப்புறம் கொலராடோவில் வெர்ன் எஸ்டிஸ் மோட்டார்களை வரிசையாகத் தயாரிக்க ஒரு இயந்திரம் செய்து அதற்கு ‘மேபல்’ என்று பெயரும் வைத்தார். விலை குறைந்து, பள்ளிகளால் வாங்க முடிந்தது.

அந்த மோட்டாரின் மேல் அச்சிட்டிருக்கும் குறியீடே ஒரு பாடம். சி6-5 என்று இருந்தால், ‘சி’ மொத்தக் கணத்தாக்கின், அதாவது விசையை அது தள்ளும் நேரத்தால் பெருக்கியதன், வகுப்பு. 5 நியூட்டன்-நொடிக்கு மேல் 10 வரை. ஏ-யிலிருந்து பி, பி-யிலிருந்து சி என்று ஒவ்வோர் எழுத்துக்கும் உச்ச வரம்பு இரண்டு மடங்காகும். ‘6’ என்பது சராசரி உந்துவிசை, நியூட்டனில். ‘5’ என்பது எரிந்து முடிந்தபின் பாராசூட்டை வெளியே தள்ளுவதற்கு முன் காத்திருக்கும் நொடிகள். நம் பதினோராம் வகுப்பில் ‘கணத்தாக்கு’ என்று ஒரு சூத்திரமாக வந்து போகிற விஷயம், அங்கே ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை கடையில் எதை வாங்குவது என்று யோசிக்கும்போதே புரிந்துவிடுகிறது.

சரி, நம் ஊரில் இதை வாங்க முடியுமா? எளிதில் முடியாது. எரிபொருள் அடைத்த மோட்டார் என்றாலே 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டமும் அதன் கீழான 2008 விதிகளும் குறுக்கே வரும். தயாரிக்க, சேமிக்க, எடுத்துச் செல்ல எல்லாவற்றுக்கும் அனுமதி வேண்டும். பள்ளிக்கூடம் தன் போக்கில் செய்கிற காரியம் இல்லை. பட்டாசைப் பிரித்து மருந்தெடுத்து ஏதாவது செய்யலாமே என்று எந்த மாணவனாவது கேட்டால், ஸ்புட்னிக் காலத்து அந்த இரும்புக் குழாய்க் கதையைச் சொல்லிவிடுவது நல்லது.

அதனால் நமக்கு மிஞ்சுவது தண்ணீர் ராக்கெட். ‘மிஞ்சுவது’ என்று எழுதிவிட்டேனே தவிர, கற்றுக்கொள்ள அது எந்த விதத்திலும் குறைச்சல் இல்லை. நான் ஒருமுறை அரசுப் பள்ளி ஆசிரியையான தோழி ஒருவருடன் அவருடைய பள்ளி மைதானத்தில் அரை நாள் இருந்தேன். ஒன்றேகால் லிட்டர் சோடா பாட்டில், கைவிடப்பட்ட பேனர் அட்டையில் வெட்டிய மூன்று துடுப்பு, மூக்கில் ஒரு உருண்டை களிமண், ஒரு சைக்கிள் பம்ப். முதல் பாட்டில் எழும்பியதுமே தலைகுப்புற விழுந்து வேப்பமரத்தில் மாட்டிக்கொண்டது. துடுப்பு இருந்தும் ஏன் விழுந்தது? அதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. ராக்கெட்டை ஒரு நூலில் கட்டி, கிடையாக நிற்கும் புள்ளியைக் கண்டுபிடித்து, அங்கேயே முடிச்சுப் போட்டு, தலைக்கு மேலே சுழற்ற வேண்டும். மூக்கு முன்னால் வந்தால் நேராகப் பறக்கும். வால் முன்னால் வந்தாலோ தடுமாறினாலோ மூக்கில் எடை போதாது என்று அர்த்தம். இன்னொரு உருண்டை களிமண் வைத்தார்கள். அடுத்தது நேராகப் போனது.

அதற்கப்புறம்தான் விஷயமே. பெரும்பாலான இடங்களில் பாட்டில் வாயில் ஒரு ரப்பர் கார்க்கை அடைத்து, வால்வு வழியாகக் காற்றடித்துக்கொண்டே இருப்பார்கள். தாங்க முடியாதபோது கார்க் தானாகப் பிடுங்கிக்கொள்ளும். குழந்தைகள் கைதட்டும். ஆனால் கார்க் எந்த அழுத்தத்தில் கழன்றது என்று யாருக்கும் தெரியாது; ஒவ்வொரு தடவையும் வேறு வேறு. அப்படி இருக்கும்போது இரண்டு ஏவுதல்களை எப்படி ஒப்பிடுவது? தோழி வைத்திருந்தது வேறு மாதிரி. பி.வி.சி. குழாய் மேல் பாட்டிலைக் கவிழ்த்து, அதன் கழுத்து விளிம்பைச் சுற்றிலும் கேபிள் டைகளால் பிடித்து, அவை விலகாமல் ஒரு வளையம். வளையத்தில் கட்டிய கயிற்றைத் தூர நின்று இழுத்தால் ராக்கெட் கிளம்பும். பம்பில் இருக்கும் அளவுமானியில் 60 பவுண்டு காட்டியதும் இழு. எல்லாத் தடவையும் அதே 60.

அழுத்தம் மாறாமல் இருப்பதால் தண்ணீரை மட்டும் மாற்றிப் பார்க்க முடிகிறது. 60 பவுண்டு அழுத்தத்தில் தண்ணீர் நொடிக்கு ஏறக்குறைய 29 மீட்டர் வேகத்தில் வெளியே பாயும். அதாவது மணிக்கு நூறு கிலோமீட்டர். தண்ணீர் குறைவாக இருந்தால் தள்ளிவிடப் பொருளில்லை. அதிகமாக இருந்தால் அழுத்திய காற்றுக்கு இடமில்லை, போதாக்குறைக்குச் சுமை வேறு. இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஒரு நல்ல அளவு இருக்கிறது. பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதைப் பிள்ளைகளிடம் சொல்லாமல் விடுவதில்தான் ஆசிரியரின் சாமர்த்தியம். “மிஸ், தண்ணிய கொஞ்சம் குறைச்சுப் பாக்கலாமா?” என்று ஒரு பெண் கேட்டாள். “எவ்வளவு குறைக்கப் போற? உயரம் கூடுமா குறையுமா? மொதல்ல எழுது, அப்புறம் இழு” என்றார் தோழி.

உயரத்தை அளக்கக் கோணமானி, நூல், நூலின் நுனியில் ஒரு நட்டு. ஏவும் இடத்திலிருந்து 30 மீட்டர் தள்ளி நின்று ராக்கெட்டின் உச்சியைப் பார்க்க வேண்டும். 45 டிகிரி என்றால் உயரம் 30 மீட்டர். 50 டிகிரி என்றால் கிட்டத்தட்ட 36. பார்க்கிறவரின் கண் உயரத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும், மறக்கிறவர்கள் அதிகம். பத்தாம் வகுப்பு முக்கோணவியலில் ‘கோபுரத்தின் உயரம் காண்க’ என்று வருகிற அதே கணக்கு. மைதானத்தில் இரண்டு பேர் இரண்டு பக்கம் நின்று அளந்தபோது விடைகள் பொருந்தவில்லை. ராக்கெட் ஒருவர் பக்கம் சாய்ந்து போயிருக்கிறது. அளவீட்டுப் பிழை என்ற சொல்லை யாரும் உச்சரிக்காமலேயே அது புரிந்துவிட்டது.

பாதுகாப்பு பற்றி இரண்டு வார்த்தை. குடிநீர் பாட்டில் கூடாது, மெல்லியது. குளிர்பான பாட்டில் வாயு அழுத்தத்தைத் தாங்கவே செய்யப்பட்டது. கீறல் விழுந்ததையும் வெயிலில் கிடந்ததையும் தூக்கிப் போட்டுவிடுங்கள். காற்றடிப்பவருக்குக் கண்ணாடி கட்டாயம்.

மேலே சொன்னதில் செலவு என்று பார்த்தால் ஒன்றுமில்லை. அந்த ஆசிரியை இல்லாவிட்டால் மட்டும் இது நடந்திருக்காது. மாணவர்களுக்கான பயிற்சிகள் ஏராளம், ஆசிரியர்களுக்கானவை சொற்பம். மாணவர் ஒருமுறை போய்வந்து அடுத்த வருஷம் பள்ளியை விட்டே போய்விடுவார், ஆசிரியர் இருபது வருஷம் அதே மைதானத்தில் இருப்பார் என்பதை ஏனோ யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இத்தனைக்கும் ராக்கெட் இயலின் அடிப்படைச் சமன்பாட்டை 1903இல் வெளியிட்ட கான்ஸ்தந்தீன் த்சியோல்கோவ்ஸ்கி, ரஷ்யாவின் கலூகா என்ற ஊரில் இருந்த ஒரு பள்ளி ஆசிரியர். சிறு வயதில் வந்த காய்ச்சலால் காது சரியாகக் கேட்காது.

ஆசிரியர்களுக்குப் பயிற்சி இல்லாத குறையை உணர்ந்து செயல்பட்ட இடங்களில் ஒன்று அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலக் கடற்கரையில் உள்ள வாலப்ஸ். நாசாவின் ஆய்வு ராக்கெட் ஏவுதளம். அங்கே பள்ளி ஆசிரியர்களுக்கென்றே ராக்கெட் பயிற்சிமுகாம் நடத்தியிருக்கிறார்கள். ஆசிரியர்கள் மாதிரி ராக்கெட் கட்டி, ஏவி, அதை வகுப்பில் எப்படி நடத்துவது என்று பார்த்துவிட்டு, உண்மையான ராக்கெட் ஒன்று கிளம்புவதையும் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்புவார்கள். அந்த உண்மையான ராக்கெட் 2008இல் தொடங்கிய ‘ராக்ஆன்’ திட்டத்தினுடையது. கல்லூரி மாணவர்களும் பேராசிரியர்களும் ஒரு வாரத்துக்குள் ஒரு சிறு கருவிப்பெட்டியைக் கட்டிமுடித்து ராக்கெட்டில் ஏற்றுகிறார்கள். அது நூறு கிலோமீட்டருக்கு மேல் போய், அட்லாண்டிக் கடலில் பாராசூட்டில் இறங்கும். பெட்டியை மீட்டு வந்து கையில் கொடுத்துவிடுவார்கள். தான் கட்டியது வேலை செய்ததா இல்லையா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

வாலப்ஸுக்கும் நமக்கும் பழைய உறவு. 1963இல் அப்துல் கலாம் உள்ளிட்ட இந்தியப் பொறியாளர்கள் சிலர் பயிற்சி பெற்ற இடங்களில் அதுவும் ஒன்று. அந்த ஆண்டு நவம்பர் 21ஆம் தேதி தும்பாவிலிருந்து கிளம்பிய முதல் ராக்கெட்டான நைக்-அப்பாச்சி அமெரிக்காவிலிருந்து வந்தது, தேவாலயம்தான் அலுவலகம். நான்கு ஆண்டு கழித்து, 1967 நவம்பர் 20இல் நாமே செய்த ரோகிணி ஆர்.எச்.-75 பறந்தது. அதன் விட்டம் 75 மில்லிமீட்டர். நாம் மேலே பார்த்த சோடா பாட்டிலைவிடச் சற்று ஒல்லி.

2017 ஜூன் 22ஆம் தேதி வாலப்ஸிலிருந்து கிளம்பிய ஆய்வு ராக்கெட்டில் கரூர் மாவட்டம் பள்ளப்பட்டி மாணவர் ஒருவர் தலைமையில் செய்த கலாம்சாட்டும் இருந்தது. எடை 64 கிராம். உலகின் மிகச் சிறிய செயற்கைக்கோள் என்று நம் ஊடகங்கள் கொண்டாடின. கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அது பூமியைச் சுற்றவில்லை. மேலே போய்ச் சில நிமிடம் எடையற்ற நிலையில் இருந்துவிட்டுத் திரும்பக் கடலில் விழுந்தது. திட்டமே அதுதான். மேலே போவது வேறு, சுற்றிவருவது வேறு. மேலே போக நொடிக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் வேகம் போதும். சுற்றிவரக் கிடைவாக்கில் ஏழரைக் கிலோமீட்டருக்கு மேல் வேண்டும். செய்தி படித்த எத்தனை வகுப்பறைகளில் இந்த வித்தியாசத்தைப் பேசினார்கள்? பேசியிருந்தால் ஒரு முழுப் பாடவேளையும் அதிலேயே போயிருக்கும்.

இதைவிடப் பெரிய பாடம் ஒன்று 2022 ஆகஸ்ட் 7இல் கிடைத்தது. நாடு முழுவதும் 75 அரசுப் பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகள் பங்கேற்ற ஆசாதிசாட், இஸ்ரோவின் புதிய எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதல் பயணத்தில் ஏறியது. மதுரை மாவட்டம் திருமங்கலம் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளி மாணவிகளும் அதில் இருந்தார்கள். ராக்கெட் கிளம்பியது, மூன்று அடுக்கும் எரிந்தன, ஆனால் செயற்கைக்கோள்கள் 356 கிலோமீட்டர் வட்டப்பாதைக்குப் பதிலாக 356-க்கு 76 கிலோமீட்டர் என்ற நீள்வட்டத்தில் போய் விழுந்தன. 76 கிலோமீட்டரில் காற்று இருக்கிறது, எதுவும் தங்காது. காரணத்தை இஸ்ரோ வெளியிட்டது. இரண்டாம் அடுக்கு பிரியும்போது எழுந்த அதிர்வில், வேகம் மாறுவதை அளக்கும் ஆறு முடுக்கமானிகளும் சிறிது நேரம் தாறுமாறாகக் காட்ட, ராக்கெட்டின் கணினி ஆறுமே பழுது என்று முடிவுகட்டிவிட்டது. கருவிகள் நன்றாகத்தான் இருந்தன. அடுக்கு பிரியும் அமைப்பையும் அந்தத் தர்க்கத்தையும் திருத்தினார்கள். 2023 பிப்ரவரி 10இல் ஆசாதிசாட்-2 சரியாக 450 கிலோமீட்டரில் போய்ச் சேர்ந்தது.

முதல் முயற்சி தவறிய அன்று தொலைக்காட்சியில் ‘கனவு தகர்ந்தது’ என்று எழுத்து ஓடியது எனக்கு நினைவிருக்கிறது. அழுத பிள்ளைகளை நெருக்கத்தில் காட்டினார்கள். ஆறு முடுக்கமானிகளின் கதையை யாராவது அந்தப் பிள்ளைகளிடம் உட்கார்ந்து சொல்லியிருப்பார்கள் என்று நம்புகிறேன்.

இப்போதைக்கு நம் மாணவர்களுக்குத் திறந்திருக்கும் வழிகளில் முதலில் நிற்பது இஸ்ரோவின் யுவிகா. 2019இல் தொடங்கியது, இடையில் கொரோனாவால் நின்று 2022இல் திரும்ப வந்தது. ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு மட்டும். கோடை விடுமுறையில் இரண்டு வாரம் இஸ்ரோ மையம் ஒன்றில் தங்கிப் படிக்கலாம்; பயணம், உணவு, தங்குமிடம் எல்லாம் இஸ்ரோ செலவு. எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணோடு, இணையவழி வினாடிவினா, அறிவியல் கண்காட்சி, சாரணர் அல்லது என்.சி.சி. ஆகியவையும் கணக்கில் வரும். கிராமப் பஞ்சாயத்துப் பகுதிப் பள்ளியில் படிப்பவருக்குத் தனியே மதிப்பெண் சேரும். நம் பள்ளிகள் பலவற்றுக்கு இது தெரியாமலே அறிவிப்பு கடந்துபோகிறது. கல்லூரிக்காரர்களுக்கு மத்திய அரசின் விண்வெளி அமைப்பான இன்-ஸ்பேஸும் இந்திய ஆஸ்ட்ரோநாட்டிக்கல் சொசைட்டியும் சேர்ந்து கேன்சாட் (குளிர்பான டப்பா அளவு மாதிரிச் செயற்கைக்கோள்), மாதிரி ராக்கெட் போட்டிகள் நடத்துகின்றன. 2025இல் உத்தரப்பிரதேசக் குஷிநகரில் நடந்தது. அனுமதி பெற்ற மோட்டாரில் பறக்கவிட முறையான வாய்ப்பு. அக்டோபர் 4 முதல் 10 வரை உலக விண்வெளி வாரம். இஸ்ரோ மையங்கள் அந்த நாட்களில் பள்ளி, கல்லூரிகளில் கண்காட்சி வைக்கும். மத்திய அரசு உதவியில் அமைந்த செய்முறைக்கூடமான அடல் டிங்கரிங் லேப் உள்ள பள்ளியாக இருந்தால் பி.வி.சி. குழாயும் பம்பும் வாங்கத் தலைமையாசிரியரிடம் கெஞ்ச வேண்டியதில்லை.

இவை தவிர, காசு வாங்கிக்கொண்டு நடத்தும் தனியார் பயிலரங்குகள் ஊருக்கு ஊர் முளைத்திருக்கின்றன. சில நன்றாகவே இருக்கின்றன. சிலவற்றில் பெட்டியைப் பிரித்து, ஒட்டி, மேடையில் நின்று படம் எடுத்து, சான்றிதழ் வாங்கி வருவதோடு சரி. பணம் கட்டும் முன் கேளுங்கள்: என் பிள்ளை தன் கையால் எத்தனை முறை ஏவுவான்? என்ன அளப்பான்? சரியாகப் போகவில்லை என்றால் அடுத்த நாள் திரும்ப முயல நேரம் இருக்கிறதா? ‘உங்கள் பிள்ளை செய்த செயற்கைக்கோள்’ என்று சொன்னால், அது சுற்றிவருமா, மேலே போய்த் திரும்புமா, இல்லை பலூனில் போகுமா என்றும் கேளுங்கள். மூன்றும் கௌரவமானவைதான், ஆனால் மூன்றும் ஒன்றல்ல.

ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போவதற்குக் காசும் வேண்டாம். 2019 ஏப்ரல் 1 அன்று கிளம்பிய பி.எஸ்.எல்.வி.-சி45இலிருந்து அங்கே பொதுமக்கள் உட்கார்ந்து பார்க்க மாடம் இருக்கிறது. இணையத்தில் முன்பதிவு, திறந்த கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும், தயாராக இருக்க வேண்டும். சென்னையிலிருந்து சூலூர்ப்பேட்டை வரை மின்சார ரயில். வகுப்பையே கூட்டிக்கொண்டு போகிற ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை. கைபேசியில் படம் எடுக்கிற வேலையை ஒரே ஒரு பிள்ளையிடம் ஒப்படைத்துவிடுங்கள். மற்றவர்கள் கையில் கடிகாரம் இருக்கட்டும். நெருப்பு கண்ணில் பட்டதும் எண்ணத் தொடங்கி, இரைச்சல் காதில் விழுந்ததும் நிறுத்த வேண்டும். வந்த நொடிகளை 340-ஆல் பெருக்கினால் ஏவுதளம் எத்தனை மீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று வந்துவிடும். திரும்பி வரும் ரயிலில், நாற்பது பேருக்கும் ஏன் நாற்பது விடை வந்தது என்று சண்டை போட்டுக்கொண்டு வரலாம்.